மண்டல அலுவலகத்தில் பிளான் அப்ரூவல் இழுபறி: மனுவில் எதைக் கேட்பது?

தண்டையார்பேட்டைப் பக்கத்துக் குடியிருப்போர் நலச்சங்கம் ஒன்றின் கேள்வி இது. அரை கிரவுண்டு, கால் கிரவுண்டு மனையில் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுக் கட்ட விண்ணப்பித்தவர்கள் மாதக்கணக்கில் சென்னை மாநகராட்சியின் மண்டல அலுவலகத்துக்கு நடக்கிறார்கள். வார்டு கவுன்சிலர் மூலம் அடுத்த மண்டலக் குழுக் கூட்டத்தில் ஒரு மனு வைக்கப்போகிறார்கள். 'சீக்கிரம் முடித்துத் தாருங்கள்' என்பதைத் தவிர அதில் என்ன எழுதுவது?

'சீக்கிரம்' என்று எழுதவே வேண்டாம். எழுதினால் 'விரைந்து நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வரும், விஷயம் அதோடு முடிந்துவிடும். கடைசியில் கையெழுத்துப் போடும் மேசையில்தான் ஃபைல் தேங்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். சின்ன ஃபைல்களில் பெரும்பாலானவை தேங்குவது அதற்கு வெகு முன்னால். குறையோடு உள்ளே எடுக்கப்படுகிறது. பிறகு அந்தக் குறைகள் ஒவ்வொன்றாக, வெவ்வேறு மேசையில், வெவ்வேறு வாரத்தில் வெளியே வருகின்றன. ஒவ்வொரு குறைக்கும் ஒரு கேள்விக் கடிதம், ஒவ்வொரு கடிதத்துக்கும் மூன்று நான்கு வாரம். மனுவின் முதல் கோரிக்கை இதைக் குறிவைக்க வேண்டும்.

அதற்கு முன், எந்த ஃபைலைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமோ தரையும் முதல் மாடியுமோ என்றால் 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை இருக்கிறது. ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரம் கொடுத்துப் பணம் கட்டியதும் அனுமதி வந்துவிடும். முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை. அந்த வரம்பைத் தாண்டி 10,000 சதுர அடி, 8 வீடு வரையிலான உயரம் குறைந்த குடியிருப்புகள் மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தில் வருகின்றன. அதற்கும் மேலே சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். எல்லாவற்றுக்கும் விதிப்புத்தகம் ஒன்றுதான்: 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்.

சுயசான்று வந்துவிட்டதே, இனி என்ன பிரச்சினை என்று அதிகாரிகள் கேட்கக்கூடும். வடசென்னைக் குடும்பங்களுக்கு அது பல நேரம் பொருந்துவதில்லை. அண்ணன் தம்பி மூன்று பேர் ஒரே அரை கிரவுண்டில் ஆளுக்கொரு மாடி கட்டிக்கொள்ள நினைப்பார்கள். இரண்டாம் மாடி என்று வந்ததும் சுயசான்று இல்லை. பத்திரம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், பாகப்பிரிவினை வாய்மொழியாக நடந்திருக்கும். சுயசான்று முறையில் சொத்து விவரம் சரி என்று உரிமையாளரே உறுதி சொல்கிறார். அது தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதியே ரத்தாகும். ஆக, சிக்கலான ஃபைல்கள் வழக்கமான வரிசையிலேயே நிற்கின்றன. மண்டலம் கணக்குக் கொடுக்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். உடனடி அனுமதிகளையும் சேர்த்துச் சராசரி போட்டால் எல்லாம் அழகாகத்தான் தெரியும்.

இப்போது முதல் கோரிக்கை. கேள்விக் கடிதம் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பாருங்கள். 'ஆவணங்கள் முழுமையாக இல்லை. சரிசெய்து மீண்டும் சமர்ப்பிக்கவும்.' எந்த ஆவணம், என்ன குறை, எதைக் கொடுத்தால் தீரும் என்று எதுவுமே இதில் இல்லை. உரிமையாளர் இன்ஜினியரைக் கேட்பார், இன்ஜினியர் உதவிப் பொறியாளரை நேரில் பார்க்க வேண்டும் என்பார், அவர் அன்றைக்கு ஃபீல்டில் இருப்பார். இடைத்தரகருக்கு வேலை பிறப்பது இங்கேதான்.

அதே குறையை இப்படி எழுதலாம்: 'பத்திரத்தில் மனையின் கிழமேல் அளவு 20 அடி, தென்வடல் 60 அடி. டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) ஸ்கெட்ச்சில் கிழமேல் 18 அடி 6 அங்குலம். பிளானில் 20 அடி காட்டப்பட்டுள்ளது. சிறிய அளவை வைத்துப் பிளானைத் திருத்தவும். அல்லது வட்டாட்சியர் அலுவலக நில அளவைப் பிரிவில் அளவுத் திருத்தம் பெற்று இணைக்கவும்.' இதைப் படித்ததும் உரிமையாளர் கணக்குப் போட்டுவிடலாம். 1,200 சதுர அடி மனை 1,110 ஆகிறது. தளப் பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2 என்றால் 2,400 சதுர அடி கட்டலாம் என்பது 2,220 ஆகிறது. 180 சதுர அடி, அதாவது ஒரு படுக்கையறையும் குளியலறையும் போகிறது. அதை விட்டுக்கொடுத்து உடனே கட்டுவதா, அளவுத் திருத்தத்துக்கு அலைவதா என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு. இரண்டு நாளில் எடுத்துவிடுவார். முதல் வகைக் கடிதம் அந்த முடிவையே எடுக்கவிடாமல் இரண்டு மாதம் நிறுத்தி வைக்கிறது.

ஆகவே மனுவில் இப்படி எழுதுங்கள்: விண்ணப்பம் வந்து ஐந்து வேலை நாளுக்குள் ஒரே ஆள், ஒரே பட்டியலை வைத்து முழுவதும் பார்க்க வேண்டும். முழுமை என்றால் ஏற்பு, இல்லையென்றால் எல்லாக் குறைகளையும் ஒரே கடிதத்தில் எழுதித் திருப்ப வேண்டும். ஒவ்வொரு குறைக்கும் எதிரே விதி எண்ணும் பிளானில் எந்த இடம் என்பதும் இருக்க வேண்டும். முதல் தடவை சமர்ப்பித்ததிலேயே கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்றை இரண்டாம் கடிதத்தில் கேட்பதானால், உதவி செயற்பொறியாளர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பதாரர் பதில் தந்ததும் நாள் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும், பூஜ்யத்திலிருந்து அல்ல. இதில் கடைசி வரி ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால், காலக்கெடு நெருங்கும்போது ஒரு கேள்வியை அனுப்பிவிட்டுப் புதிதாக எண்ண ஆரம்பிக்கலாம்.

பட்டியல் என்றதும் எல்லாரும் தலையாட்டுவார்கள், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. கீழ்நிலைப் பொறியாளர் தேவைக்கு மேல் காகிதம் கேட்பது பெரும்பாலும் பயத்தால். நாளைக்குத் தணிக்கையிலோ நீதிமன்றத்திலோ 'இதை ஏன் வாங்கவில்லை?' என்று கேட்டால் மாட்டுவது அவர்தான். பட்டியலைத் தலைமையகத்தின் நகரமைப்புப் பிரிவு கையெழுத்திட்டு வெளியிட்டு, 'இதற்கு மேல் கேட்க வேண்டியதில்லை' என்று அதிலேயே எழுதிவிட்டால் அந்தப் பயம் தீரும். 'மண்டலமே ஒரு பட்டியல் தயாரிக்கட்டும்' என்று விட்டீர்களானால் பட்டியல் மாதாமாதம் நீளும்.

இங்கே ஒரு சின்ன ஆலோசனை, இதற்கு யார் அனுமதியும் வேண்டாம். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது கைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் இன்ஜினியருடையதாகவே கொடுக்கும் பழக்கம் இருக்கிறது. கேள்விக் கடிதம் அவருக்குப் போகும், அவர் இன்னொரு சைட்டில் மும்முரமாக இருப்பார். 'ஆபீஸில் கிடக்கிறது' என்று உரிமையாளர் நினைத்துக்கொண்டிருக்கும் நாட்களில் கணிசமான பங்கு இப்படிப் போவதுதான். சொந்த எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது நில ஆவணம். வடசென்னையில் வேறு எதையும்விட இதுதான் ஃபைலைக் கொல்கிறது.

திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் எல்லாம் 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தன. ஆனால் வருவாய்த் துறைக் கணக்கில் திருவொற்றியூர், மாதவரம் வட்டங்கள் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தன. பழைய பத்திரத்தில் கிராமத்துச் சர்வே எண் இருக்கும். நகர நில அளவை முடிந்த இடங்களில் பட்டாவில் பிளாக் எண்ணும் டவுன் சர்வே எண்ணும் இருக்கும். மாஸ்டர் பிளானின் நில உபயோக வரைபடமோ பல இடங்களில் பழைய சர்வே எண்ணையே பேசும். மூன்றும் ஒரே மனைதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரர் தலையில். அவர் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் 'கோரிலேஷன்', அதாவது பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே மனைதான் என்ற சான்று, கேட்பார். அங்கே அது அவசர வேலை அல்ல.

ஒரே சர்வே எண்ணில் நூறு மனை இருந்தால், நூறு பேரும் தனித்தனியாக இதே காகிதத்துக்கு அலைகிறார்கள். ஒருமுறை செய்துவிட்டால் நூறு பேருக்கும் தீர்ந்துவிடும் வேலை இது. மனுவில் கேளுங்கள்: மண்டலத்தில் கடந்த இரண்டு ஆண்டில் வந்த விண்ணப்பங்களை வைத்து, அடிக்கடி வரும் சர்வே எண்களுக்குப் பழைய எண், புதிய பிளாக் மற்றும் டவுன் சர்வே எண், நில உபயோகப் பிரிவு மூன்றையும் ஒரே அட்டவணையாக்கி, வருவாய்த் துறையின் கையெழுத்தோடு அலுவலகத்தில் ஒட்ட வேண்டும், இணையத்திலும் போட வேண்டும். எல்லாச் சர்வே எண்களும் ஒரே நாளில் முடியாது. அதிகம் விண்ணப்பம் வரும் இருபது முப்பது எண்களில் தொடங்கினாலே கேள்விக் கடிதங்கள் கண்கூடாகக் குறையும்.

வீட்டு வரி ரசீதை உரிமைக்கான ஆதாரம் என்று நம்பி வருபவர்கள் ஏராளம். வரி யார் பெயரில் இருந்தாலும் அது உரிமை ஆகாது. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, இறந்தவர் பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று, பாகம் பிரிந்திருந்தால் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரம், அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதம் என்று இவ்வளவும் முதல் நாளே வேண்டும். வியாசர்பாடி மாதிரி, முன்பு குடிசை மாற்று வாரியமாக இருந்து 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமான அமைப்பு மனை ஒதுக்கிய பகுதிகளில், ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் இருக்கும், கிரயப் பத்திரம் வாங்கியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு மாநகராட்சியால் எதுவும் செய்ய முடியாது. ஆனால் வாரியமும் மண்டலமும் சேர்ந்து ஒரு நாள் முகாம் போட்டால் யாருக்கு என்ன பாக்கி என்று அங்கேயே சொல்லிவிட முடியும். மாதவரம், மணலிப் பக்கத்து அனுமதியற்ற மனைப்பிரிவுகளில் வேறு சிக்கல். 20.10.2016-க்கு முன் பதிவான மனையா, 2017 விதிகளின்படி வரன்முறை ஆனதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது ஆகாத மனைக்குக் கட்டட பிளானைப் போட்டு இன்ஜினியருக்குப் பணம் கொடுப்பது வீண். வரவேற்பு மேசையிலேயே இதைச் சொல்லித் திருப்பி அனுப்புவதுதான் விண்ணப்பதாரருக்குச் செய்யும் உதவி.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, ஜார்ஜ் டவுன் பக்கம் 'தொடர் கட்டடப் பகுதி' என்று அறிவிக்கப்பட்ட இடங்கள் உண்டு. அங்கே வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியே இருக்கலாம், பக்கவாட்டில் இடம் விட வேண்டியதில்லை. இதை மறந்து சாதாரணப் பகுதிக்கான செட்பேக் கேட்டால் என்ன ஆகும்? 12 அடி அகல மனையில் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் விட்டால் வீட்டுக்கு மிஞ்சுவது ஐந்தரை அடி. பிளானைச் சரிபார்க்கும் மென்பொருளில் பகுதியைத் தவறாகத் தேர்ந்தெடுத்தாலும் இதே கேள்விதான் வரும். எந்தெந்தத் தெரு, எந்தெந்த பிளாக் தொடர் கட்டடப் பகுதி என்ற பட்டியலை மண்டல அலுவலகம் தெருப் பெயரோடு வெளியிட வேண்டும். ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

கடலோரம் தனிக் கதை. காசிமேடு முதல் எண்ணூர் வரை பல மனைகள் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் வருகின்றன. கடல் பக்கம் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை. 2011 அறிவிக்கைப்படி அலை ஏறும் கழிமுகம், கால்வாய் பக்கம் 100 மீட்டர் அல்லது நீர்வழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அது. கொசஸ்தலையாறு, பக்கிங்காம் கால்வாயின் அலையேறும் பகுதிகளும் இதில் அடக்கம். ஏற்கெனவே வளர்ந்த நகர்ப்பகுதியில், அதாவது இரண்டாம் பிரிவில், பழைய சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம், கடல் பக்கமாக முடியாது. இந்தப் பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்லி மனுவில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். எண்ணூர்க் கழிமுகத்தில் 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடம் ஒன்று, பின்னால் புழங்கிய வரைபடம் வேறொன்று என்று எழுந்த சர்ச்சை வடசென்னை முழுக்கத் தெரிந்தது. கழிமுகம் அடைபட்டால் வெள்ளம் வருவது அதே மீனவர் வீட்டுக்குள்தான்.

கேட்க வேண்டியது வேறு. என் மனை கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரிந்துகொள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. கோட்டைக் குறித்துத் தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் நாட்டில் விரல் விட்டு எண்ணக்கூடியவை; சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் அவற்றில் ஒன்று. ஒரு பெரிய நிறுவனத்துக்கு அந்தச் செலவு பொருட்டல்ல. கால் கிரவுண்டில் இரண்டு அறை கட்டுகிறவருக்கு அது கடைக்கால் செலவில் ஒரு பங்கு. ஒப்புதல் பெற்ற கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தின் மேல் டவுன் சர்வே எல்லைகளைப் பொருத்தி, 'இந்த பிளாக் முழுக்க உள்ளே, இந்த பிளாக் முழுக்க வெளியே, இந்த எண்கள் மட்டும் கோடு வெட்டிப் போகிறது' என்று மண்டலமே ஒருமுறை பட்டியல் போட்டுவிட வேண்டும். கோடு வெட்டும் எண்களுக்கு மட்டும் தனி அளவை போதும். கோட்டுக்கு வெளியே இருப்பவரிடம் எதற்கும் இருக்கட்டும் என்று சான்று கேட்பதும் நிற்கும், உள்ளே இருப்பவர் தெரியாமல் கட்டிவிட்டு இடிப்பு நோட்டீஸ் வாங்குவதும் நிற்கும்.

தள ஆய்வுக்கு வருவோம். இங்கே தாமதம் முழுக்க வேலைத் திட்டத்தால் வருவது. ஒரு பொறியாளரிடம் 60 ஃபைல் ஆய்வுக்குக் காத்திருக்கிறது, அவர் சாலை, மழைநீர் வடிகால் வேலைகளுக்கு நடுவே வாரம் 6 இடம் பார்க்கிறார் என்று வையுங்கள். இன்றைக்கு விண்ணப்பிப்பவரின் முறை வரப் பத்து வாரம். அவரை யாரும் ஏமாற்றவில்லை, வரிசை அவ்வளவு நீளம். வாரத்தில் இரண்டு காலை நேரத்தை ஆய்வுக்கென்றே ஒதுக்கி, ஒரு காலையில் ஒரே வார்டில் 8 இடம் என்று போட்டால் வாரம் 16. நான்கே வாரத்தில் அந்த அறுபதும் முடியும். தண்டையார்பேட்டையிலிருந்து கொடுங்கையூர், அங்கிருந்து மறுபடி காசிமேடு என்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அலைவதை நிறுத்தினாலே பாதி நேரம் மிச்சம்.

ஆய்வில் பார்க்க வேண்டியதும் நான்கைந்துதான்: மனையின் நான்கு பக்க அளவு, முன்னால் சாலை அகலம், ஏற்கெனவே இருக்கும் கட்டடம், மேலே மின்கம்பி, அருகில் கால்வாய் அல்லது நீர்நிலை. நாளும் நேரமும் முதல் நாளே குறுஞ்செய்தியில் வர வேண்டும். விண்ணப்பதாரர் நான்கு மூலையையும் சுண்ணாம்பால் குறித்து, டேப்போடு ஆள் நிறுத்தி வைத்திருந்தால் ஒரு மனைக்கு இருபது நிமிடம் போதும். இடம் பதிவாகும் புகைப்படத்தோடு அன்றைக்கே அறிக்கை ஏற்றப்பட வேண்டும். அறிக்கையை ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதால்தான் 'மறு ஆய்வு' என்பது வருகிறது.

சாலை அகலத்தில் ஒரு தீராத வில்லங்கம் உண்டு. பதிவேட்டில் 20 அடித் தெரு. இரண்டு பக்கமும் படிக்கட்டு, திண்ணை, தண்ணீர்த் தொட்டி என்று ஆக்கிரமித்ததில் டேப் பிடித்தால் 15 அடி. பொறியாளர் 15 என்று எழுதுவார். அப்படி எழுதியதும் கட்டக்கூடிய அளவே மாறும். ஆக்கிரமிக்காதவருக்கும் அதே தண்டனை. தெருப் பதிவேட்டு அகலத்தையும் நேரில் அளந்ததையும் இரண்டு தனிக் கட்டத்தில் எழுத வேண்டும், எதை வைத்து முடிவெடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். தெருவாரியாகப் பதிவேட்டு அகலத்தை வெளியிடச் சொல்வதும் நியாயமான கோரிக்கை.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பொறியாளர்களில் பலர் வெள்ளப் பணிக்குப் போய்விடுவார்கள். போகத்தான் வேண்டும். ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஆவணச் சரிபார்ப்பு ஏன் நிற்க வேண்டும்? அதை அலுவலகத்தில் இருப்பவர் செய்யலாம். மழைக்கால ஏற்பாடு என்ன என்று செப்டம்பரிலேயே எழுத்தில் கேளுங்கள்.

கட்டணம் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. பரிசீலனைக் கட்டணம், உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 சதவீதம் என்று எவை எவை பொருந்துமோ எல்லாவற்றையும் ஒரே கோரிக்கைச் சீட்டில் கணக்கோடு காட்ட வேண்டும். தவணை தவணையாகக் கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஃபைல் நிற்கும்.

பக்கத்து வீட்டார் ஆட்சேபம் கொடுத்ததும் ஃபைலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடும் வழக்கத்தைப் பற்றி மனுவில் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். கட்டட அனுமதி யாருக்கும் உரிமையைக் கொடுப்பதும் இல்லை, பறிப்பதும் இல்லை. விதி மீறல், அளவு தவறு, போலி ஆவணம் என்று ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் இரு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்டு எழுத்தில் முடிவு சொல்லலாம். சொத்து எனக்குச் சேரும் என்ற தகராறு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியது. நீதிமன்றத் தடை ஆணை இருந்தால் நிறுத்துங்கள், இல்லையென்றால் நடத்துங்கள். இந்தத் தெளிவு இல்லாததால் ஒரு வெள்ளைத்தாள் மனு கொடுத்தே பக்கத்து வீட்டுக்காரரை வருடக்கணக்கில் நிறுத்திவைக்க முடிகிறது.

அனுமதி தந்த பிறகு நடப்பதையும் மனுவில் சேருங்கள். வேகமாக அனுமதி தரச் சொல்லும் சங்கம், அனுமதியை மீறுவதைக் கண்காணிக்கவும் சொல்ல வேண்டும். அப்போதுதான் உங்கள் பேச்சுக்கு மதிப்பு. ஆய்வை அடர்த்தியாகச் செய்ய வேண்டிய நேரம் பேஸ்மட்டம் முடிந்த நிலை. அப்போது சுவர் ஓரடி வெளியே வந்திருந்தால் இரண்டு நாள் வேலையில் திருத்தலாம். மூன்று தளம் கான்கிரீட் போட்ட பிறகு திருத்துவதற்கு ஒரே வழி இடிப்பது, அதை யாரும் செய்வதில்லை, வழக்காகத்தான் முடியும். 17.12.2024 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில், கட்டுமானம் நடக்கும்போது அனுமதி பெற்ற பிளானை சைட்டில் மாட்டிவைக்க வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு வைக்க வேண்டும் என்று நாடு முழுமைக்கும் சொல்லியிருக்கிறது. உங்கள் வார்டில் கட்டடம் நடக்கும் எத்தனை இடத்தில் பிளான் மாட்டியிருக்கிறது என்று சங்கத்து இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுற்றிப் பார்த்து எண்ணிச் சொன்னாலே கூட்டத்தில் அது பேசப்படும். சுயசான்று அனுமதிகளிலும் பத்தில் ஒன்றையாவது குலுக்கல் முறையில் எடுத்து பேஸ்மட்ட நிலையில் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி, இதெல்லாம் நடக்கிறதா என்று எப்படித் தெரியும்? வாராவாரம் ஒரு பட்டியல் வெளியாக வேண்டும். விண்ணப்ப எண், வார்டு, வந்த தேதி, இப்போது எந்த மேசையில், அங்கே எத்தனை நாளாக. பெயரும் முகவரியும் வேண்டாம். வரிசையைத் தாண்டி ஒரு ஃபைல் முன்னே போனால் பட்டியலிலேயே தெரிந்துவிடும். 'ஃபைலை மூவ் பண்ணித் தருகிறேன்' என்பவர் விற்பது அந்த இருட்டைத்தான்.

மாதம் ஒருமுறை மண்டலக் குழுவில் ஐந்து எண்கள் வைக்கச் சொல்லுங்கள்: முதல் முறையிலேயே ஏற்கப்பட்டவை நூற்றுக்கு எத்தனை, ஒரு ஃபைலுக்கு எத்தனை கேள்விக் கடிதம், பாதி ஃபைல்கள் எத்தனை நாளுக்குள் முடிந்தன, பத்தில் ஒன்பது எத்தனை நாளுக்குள் முடிந்தன, அந்த நாட்களில் மண்டலத்திடமும் விண்ணப்பதாரரிடமும் பிற துறைகளிடமும் கழிந்தவை தனித்தனியாக எவ்வளவு. சராசரி நாள் மட்டும் கேட்காதீர்கள். ஐந்து வருடமாகக் கிடந்த ஒரு ஃபைல் முடிந்த மாதத்தில் சராசரி தலைகீழாகும், எல்லாம் குழம்பும். கடைசி எண்தான் சண்டையைத் தீர்ப்பது. மெட்ரோ சுரங்கப் பாதையை ஒட்டிய மனைக்கு மெட்ரோ நிறுவனத்தின் தடையின்மைச் சான்று, கால்வாய் ஓரத்து மனைக்கு நீர்வளத் துறையின் கருத்து என்று வெளியே போகும் ஃபைல்களுக்கு மண்டலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கே நிற்கிறது என்று தெரிந்தால்தான் அந்த அலுவலகத்தைக் கேட்க முடியும்.

மனு கொடுப்பதற்கு முன்பே ஒரு தகவல் உரிமை விண்ணப்பம் போட்டுவிடுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், அதனால் கூட்டத்துக்கு ஒன்றரை மாதம் முன்னால். 'ஏன் தாமதம்' என்று கேட்டால் 'காரணம் கேட்பது தகவல் ஆகாது' என்று தள்ளிவிடுவார்கள். பதிவேட்டில் இருப்பதைக் கேளுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் வந்த, சுயசான்று அல்லாத கட்டட விண்ணப்பங்களின் எண், வந்த தேதி, ஒவ்வொரு கேள்விக் கடிதத்தின் தேதி, தள ஆய்வுத் தேதி, முடிவான தேதி. கூடவே, நகரமைப்புப் பணிக்கு மண்டலத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை. பதில் திருப்தியில்லை என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

அந்தக் கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். கூட்டத்தில் முதலில் வரப்போகும் பதில் 'ஆள் இல்லை' என்பது. அது உண்மையாக இருந்தால், காலிப் பணியிடக் கணக்கோடு உங்கள் மனுவின் ஒரு பிரதி வடக்கு வட்டாரத் துணை ஆணையருக்கும் ஆணையருக்கும் போகட்டும். இடம் நிரப்புவது மண்டலத்தின் கையில் இல்லை. அதுவரைக்கும் ஒரே கடிதத்தில் எல்லாக் குறைகளையும் எழுதுவதற்கும், தொடர் கட்டடப் பகுதித் தெருப் பட்டியலை ஒட்டுவதற்கும், வாரப் பட்டியலை வெளியிடுவதற்கும் புதிதாக ஒரு ஆளும் தேவையில்லை. அந்த மூன்றையும் முதல் கூட்டத்திலேயே தீர்மானமாகக் கேளுங்கள், மற்றவை அடுத்த கூட்டத்துக்கு.